பழைய பைக்கின் ஹேண்டிலில் ஜப்பான் சுவிட்ச் வந்த கதை

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று தெருவில் போனால் நம்மில் பலர் முதலில் பார்ப்பது இலக்கத் தகட்டைத்தான். அதில் வரலாறு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ‘சிலோன்’ என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சோடி சேர்த்த இலக்கமாக இருந்தால் அது பழைய காலத்துப் பதிவு. சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருந்தால் 1957க்குப் பிந்தியது. அந்த ஓர் எழுத்துக்காகத் தார் பூசும் போராட்டம் நடந்ததையும், 1958இல் நாடு பட்ட பாட்டையும் நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒரு தகரத் துண்டில் இவ்வளவு இருக்கிறது.

ஆனால் தகடு சொல்வது அந்த வண்டி எப்போது பதியப்பட்டது என்பதை மட்டும்தான். அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருடம் அது எப்படி ஓடியது, உதிரிப்பாகம் இல்லாத காலத்தை எப்படித் தாண்டியது, யார் யார் கை பட்டது என்பதெல்லாம் தகட்டில் இல்லை. அதை அறிய ஹேண்டிலைப் பாருங்கள். இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். முடிந்தால் ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் வயர்களின் நிறத்தைப் பாருங்கள். இலங்கையின் இறக்குமதி வரலாறு அங்கே இருக்கிறது. நம் ஊர் பாஸ்மார்களின் அறிவும் அங்கேதான் இருக்கிறது. அது இப்போது குப்பைக்குப் போய்க்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

*சுவிட்ச் இல்லாத காலம்*

முதற்காலத்து மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலில் மின்சாரத்தோடு சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. பெற்றோலுக்கு ஒரு சிறு நெம்புகோல், காற்றுக்கு ஒன்று, தீப்பொறியை முந்தவும் பிந்தவும் வைக்க இன்னொன்று. விளக்கு என்றால் கார்பைட் விளக்கு. கல்சியம் கார்பைட் கட்டியின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், வாயு கிளம்பும், அதைத் தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். ஹோர்ன் என்பது ரப்பர் பந்தை அமுக்கினால் ஊதும் ஒரு குழாய்.

1920களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து லூக்காஸ் கம்பனி ‘மக்டைனோ’ என்ற பொருளைக் கொண்டுவந்தது. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீட்டோவும் பட்டரியை நிரப்பும் டைனமோவும் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் ஒரே கருவி. 6 வோல்ட் மின்சாரம் பைக்குக்கு வந்தது. அப்போதும் லைட் சுவிட்ச் ஹேண்டிலுக்கு வரவில்லை. அது ஹெட்லைட் கிண்ணத்தின் மேலே, அம்பியர் மானிக்குப் பக்கத்தில், ஒரு திருகு குமிழாக இருந்தது. லைட் போட வேண்டுமென்றால் ஒரு கையை எடுத்துத்தான் போட வேண்டும். ஹேண்டிலில் இருந்தவை இரண்டே இரண்டு: ஹோர்ன் பட்டன், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிப் சுவிட்ச். சிக்னல் லைட் என்ற பேச்சே இல்லை. வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்ட வேண்டும்.

நம் மலைகளுக்கு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தவர்கள் தோட்டத் துரைமார்கள். 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலையை நட்டுப் பார்த்த ரொத்சைல்ட் தோட்டம் புசல்லாவையில்தான் இருக்கிறது. அந்த நாள் துரைக்குக் குதிரை. பின்னாளில் சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள். மலைச்சரிவில் மலை மலையாகச் சுற்றி வேலை பார்க்க அதுதான் வசதி. பெரும்பாலும் பகலில் ஓடும் வண்டி. அதற்கு அந்த மங்கலான 6 வோல்ட் வெளிச்சம் போதுமாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பிரித்தானிய இராணுவத்துக்காக மோட்டார் சைக்கிள்கள் இலட்சக் கணக்கில் செய்யப்பட்டன. பிஎஸ்ஏ எம் 20, நோர்ட்டன் 16 எச், மாட்ச்லெஸ் ஜி 3 எல் என்பன அவற்றுள் அதிகம் அறியப்பட்டவை. எம் 20 மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். நம் ஊரை ஊடறுக்கும் ஏ 5 வீதி தொடங்கும் அதே பேராதனை. இராணுவ வண்டிகளின் ஹெட்லைட்டுக்கு, எதிரி விமானத்துக்குத் தெரியாமல் இருக்க, சிறு கீறல் மட்டும் விட்டு மூடி போட்டிருந்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டுவதைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் கவலைப்படவில்லை. மறைப்பதுதான் கவலை.

*திருவொற்றியூரில் நின்றுபோன நேரம்*

கடலுக்கு அப்பால் 1955இல் இன்னொன்று நடந்தது. இந்திய இராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ரோயல் என்ஃபீல்டும் மதராஸ் மோட்டர்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா கம்பனியைத் தொடங்கின. தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில். அப்போது புல்லட்டின் ஹெட்லைட், வேகமானி, அம்பியர் மானி, லைட் சுவிட்ச் எல்லாம் முன் ஃபோர்க்கின் தலையில் ஒரே கூட்டுக்குள் இருந்தன. இரண்டு பக்கமும் கண்கள் போல இரண்டு சிறு விளக்குகள். புல்லட் வைத்திருப்பவர்கள் இப்போது சிரிப்பார்கள், அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

1970 அளவில் இங்கிலாந்தில் ரோயல் என்ஃபீல்ட் உற்பத்தி நின்றுவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1950களின் பிரித்தானிய அமைப்பு, லைட் சுவிட்ச் ஹேண்டிலில் இல்லாமல் தலைக்கூட்டில் இருக்கும் அந்த ஒழுங்கு, சென்னையில் மேலும் பல வருடம் தொடர்ந்தது. இந்தியாவில் இறக்குமதி கட்டுப்பட்டிருந்ததால் வெளியே மாறியது உள்ளே மாறவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளாதாரக் கதவு மூடியிருந்தால் சுவிட்ச் கூட இடம் மாறாது.

*ஜப்பான்காரன் பெருவிரலைக் கவனித்தான்*

மாற்றம் வந்தது ஜப்பானிலிருந்து. 1958இல் ஹொண்டா ‘சூப்பர் கப்’ வெளியிட்டது. சோபா நூடில்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். அதனால் கிளச் நெம்புகோலே இல்லை. ஜப்பானில் விற்ற கப்களில் சிக்னல் சுவிட்சை நீண்ட காலம் வலக்கைப் பக்கம் வைத்திருந்தார்கள். இடம் வலம் தள்ளுவதல்ல, மேலே கீழே தள்ளுவது. ஜப்பான் தபால் துறைக்காகச் செய்த எம்டி 90 இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நம் நாட்டில் பழைய எம்டி 90 ஓட்டியவர்களுக்கு இது விளங்கும்.

ஜப்பான்காரர்கள் செய்த பெரிய காரியம் இதுதான்: கையை ஹேண்டிலிலிருந்து எடுக்காமல் பெருவிரலால் எல்லாவற்றையும் இயக்க வைத்தார்கள். லைட், டிப், சிக்னல், ஹோர்ன், ஸ்டார்ட்டர் எல்லாம் இரண்டு சிறு பெட்டிகளுக்குள் வந்தன. எது எதற்கு என்று எழுதியும் வைத்தார்கள். பிரித்தானியக் கம்பனிகள் இதற்குப் பதில் சொன்னது 1971 மாடல்களில். டிரயம்ப், பிஎஸ்ஏ, நோர்ட்டன் வண்டிகளில் லூக்காஸ் அலுமினியச் சுவிட்சுகள் வந்தன. பார்க்க அழகு. ஆனால் எந்தப் பட்டன் எதற்கு என்று ஒரு எழுத்துக் கூட இல்லை. இருட்டில் ஹோர்ன் அடிக்கப் போய் வேறெதையாவது அமுக்கியதாகப் பலர் குறைப்பட்டார்கள்.

பிறகு அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது. 1974 செப்டெம்பர் முதல் அங்கே விற்கும் மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில், கட்டுப்பாட்டுக் கருவிகள் குறித்த இடத்தில் இருக்க வேண்டும். உலகம் மெல்ல அதையே பின்பற்றியது. அதுவரை ஒவ்வொரு நாட்டு வண்டியும் ஒவ்வொரு மொழி பேசியது என்று சொல்லலாம்.

*கதவு மூடியதும் திறந்ததும்*

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1960களின் தொடக்கத்திலேயே இலங்கைக்கு வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. பாணுக்கு வரிசையில் நின்ற கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். பாணுக்கே வரிசை என்றால் லூக்காஸ் டிப் சுவிட்சுக்கு யார் செலாவணி கொடுப்பது? துரைமார் விட்டுப்போன பைக்குகள், இராணுவம் விட்டுப்போன பைக்குகள் எல்லாம் கிளாக்கர்மார், கங்காணிமார், முதலாளிமார், ஆசிரியர்மார் கைக்கு வந்திருந்தன. அவை ஓட வேண்டும். உடைந்த ஹோர்ன் பட்டனுக்குப் பதிலாக வீட்டு மணி பட்டனைப் பூட்டியதும், டிப் சுவிட்சின் உள்ளே தேய்ந்த செப்புத் தகட்டை வேறு தகட்டில் வெட்டிப் போட்டதும் இந்தக் காலத்து வேலைகள். இன்றைக்கும் சில வண்டிகளில் அந்தத் தகட்டைப் பார்க்கலாம்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்தது. அதன் பிறகு ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள், புதியதும் ரீகண்டிஷனும், தொகை தொகையாக வந்தன. ஹொண்டா சிடி 125 பென்லி, சிடி 200 ரோட்மாஸ்டர், எம்டி 90, சாலி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடைக்குக் கடை ஜப்பான் உதிரிப்பாகம் குவிந்தது. பழைய பிஎஸ்ஏயும் டிரயம்பும் வைத்திருந்தவர்களுக்கு அப்போதும் இங்கிலாந்துப் பாகம் கிடைக்கவில்லை. அங்கேயே அந்தக் கம்பனிகள் விழுந்துகொண்டிருந்தன. ஆனால் பஞ்சிகாவத்தையில் ஹொண்டாவின் இடப்பக்கச் சுவிட்ச் பெட்டி ஒன்றை வாங்கலாம். அதில் டிப், சிக்னல், ஹோர்ன் மூன்றும் இருக்கும்.

இப்படித்தான் பர்மிங்ஹாம் பைக்கின் ஹேண்டிலில் ஜப்பான் சுவிட்ச் ஏறியது. அதை ஏற்றியவர்கள் நம் ஊர் கராஜ்களில் இருந்த பாஸ்மார்.

*பூட்டுவது சுலபம், பேச வைப்பதுதான் வேலை*

பூட்டுவது சுலபம் என்பதற்குக் காரணம் உண்டு. பிரித்தானிய ஹேண்டில் குழாய் பெரும்பாலும் எட்டில் ஏழு அங்குலம், அதாவது 22.2 மில்லிமீற்றர். ஜப்பான் குழாயும் அதே அளவு. டிரயம்பின் பழைய மாடல்கள் சிலவற்றில் மட்டும் ஒரு அங்குலக் குழாய். ஜப்பான் பெட்டிக்குள் சுழலாமல் இருக்க ஒரு சிறு ஆணி இருக்கும், அதற்கு அவர்களுடைய குழாயில் துளை இருக்கும். நம் பாஸ் குழாயில் துளை போட மாட்டார், ஆணியை அராவிவிடுவார். வலப்பக்கப் பெட்டியைத் தொடமாட்டார். ஏனென்றால் ஜப்பான் வலப்பக்கப் பெட்டியோடு எக்ஸலேட்டர் பிடியும் சேர்ந்து வரும். பிரித்தானிய வண்டிக்கு அது தனி. இடப்பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

சிக்கல் வயரில். பிரித்தானிய வண்டிகளில் பெரும்பாலானவை 1950களிலிருந்து பட்டரியின் பொசிட்டிவ் முனையைச் சட்டகத்தோடு எர்த் செய்தவை. ஜப்பான் வண்டி நெகட்டிவ் எர்த். ஒன்று மற்றதற்குத் தலைகீழ்.

நிறங்களும் அப்படியே. ஹொண்டாவில் பச்சை வயர் என்றால் எர்த், சிவப்பு என்றால் பட்டரியின் பொசிட்டிவ், கறுப்பு என்றால் சாவி போட்டதும் மின் வரும் வயர். செம்மஞ்சள் இடது சிக்னல், இளநீலம் வலது. யமஹாவில் கறுப்புத்தான் எர்த், சாவி மின் மண்ணிறத்தில் வரும். சுசுகியில் எர்த் கறுப்பில் வெள்ளைக் கோடு, சாவி மின் செம்மஞ்சள். 1960களின் இறுதியில் வந்த டிரயம்பிலும் பிஎஸ்ஏயிலும் சிவப்பு வயர்தான் எர்த். ஆக, ஹொண்டாவில் மின் வரும் கறுப்பு, யமஹாவில் எர்த். ஹொண்டாவில் மின் வரும் சிவப்பு, டிரயம்பில் எர்த். நிறத்தை நம்பி முடிச்சுப் போட்டால் புகைதான்.

இதில் நம் பாஸ்மார் கண்டுபிடித்து வைத்திருந்த உண்மை ஒன்று உண்டு. சுவிட்சுக்குப் பொசிட்டிவ் நெகட்டிவ் தெரியாது. அது இரண்டு செம்புத் துண்டுகளைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும், அவ்வளவுதான். பல்புக்கும் தெரியாது. ஆகவே ஹொண்டா சுவிட்ச் பிஎஸ்ஏயில் ஒழுங்காக வேலை செய்யும். தலைகீழ் ஆனால் கெட்டுப்போவது ரெக்டிஃபையர், எலக்ட்ரோனிக் ஃபிளாஷர், இந்தக் காலத்து எல்ஈடி போன்றவைதான். எர்த்தையே மாற்றிவிடலாம் என்று பட்டரியைத் திருப்பிப் போடுகிறவர்கள் டைனமோவின் காந்தத் திசையையும் புதிதாக ஏற்ற வேண்டும். அம்பியர் மானியின் வயர்களையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பட்டரி நிறையும்போது குறைகிறது என்று காட்டும்.

ஹோர்னில் ஒரு நுட்பம். இந்தப் பழைய வண்டிகளில் ஹோர்னுக்கு மின் நேரே போகும், பட்டன் செய்வது எர்த்தைக் கொடுப்பது. அந்த எர்த் ஹேண்டில் குழாய் வழியாகச் சட்டகத்துக்குப் போகிறது. குழாய்க்குப் பெயின்ட் அடித்தாலோ, ரப்பர் வைத்துப் பூட்டினாலோ ஹோர்ன் ஊமையாகிவிடும். சுவிட்சை மாற்றி மாற்றிக் காசு செலவழிப்பார்கள். குறை சுவிட்சில் இல்லை, பெயின்டில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது எஞ்சினை நிறுத்தும் பட்டன். மக்னீட்டோ உள்ள பழைய வண்டியில் எஞ்சினை நிறுத்த வேண்டுமென்றால் மக்னீட்டோவை எர்த்தோடு சேர்க்க வேண்டும். சேர்த்தால் நிற்கும். பட்டரி, கொயில் உள்ள ஹொண்டா பென்லி போன்றதில் நிறுத்த வேண்டுமென்றால் கொயிலுக்குப் போகும் மின்னைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் நிற்கும். ஒரே சிவப்புப் பட்டன். ஒன்றில் சேர்ப்பது நிறுத்தம், மற்றதில் பிரிப்பது நிறுத்தம். இது விளங்காமல் ஹொண்டா பட்டனை அப்படியே மக்னீட்டோவுக்குப் பூட்டினால், ‘ஓடு’ என்ற பக்கத்தில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, ‘நிறுத்து’ என்ற பக்கத்தில் ஓடும். விழும் நேரத்தில் பழகிய விரல் பட்டனை அமுக்கும், எஞ்சின் நிற்காது. பட்டரியின் மின்னைத் தவறி மக்னீட்டோவுக்குள் விட்டால் அதன் காந்தமும் கெடலாம். நல்ல பாஸ் இதை அறிந்திருந்தார். புத்தகம் பார்த்து அல்ல, மூன்று நாட்டு வண்டிகளைக் கழற்றிப் பூட்டிய கையால்.

6 வோல்ட்டை 12 ஆக்கியதும் இந்தக் காலத்து வேலைதான். காரணம் எளிய கணக்கு. 30 வோட் பல்ப் 6 வோல்ட்டில் 5 அம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 2.5 அம்பியர்தான். பழைய வயரிலும் தேய்ந்த சுவிட்சிலும் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தால், 6 வோல்ட் வண்டியில் 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பல்புக்குக் கிடைப்பது 5 வோல்ட். கேட்க ஆறில் ஒரு பங்கு இழப்புப் போலத்தான் இருக்கும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிட வேகமாக விழுவதால், வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 12 வோல்ட்டில் அதே தடையில் இழப்பு அரை வோல்ட் மட்டும். சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறவர், ரம்பொடைப் பக்கம் பனிமூட்டத்தில் பால் கொண்டு வருகிறவர் என்று எல்லோருக்கும் இந்தக் கணக்கின் பெறுமதி தெரியும். துரையின் பகல் வண்டி அப்போது இரவிலும் உழைக்கும் வண்டியாகிவிட்டது. அதனால்தான் அதன் மின்சாரம் மாற வேண்டியிருந்தது.

*எழுதாத அறிவு*

இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. தமிழ், சிங்கள, முஸ்லிம் பாஸ்மார் ஒரே கராஜில் மூன்று பேச்சிலும் வேலை செய்தார்கள். பாகங்களின் பெயர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஹோர்ன், டிப், சிக்னல், எர்த். வரைபடம் கீறியது சிகரட் பெட்டியின் உட்பக்கத்தில், பழைய கலண்டரின் பின்பக்கத்தில், சில வேளை ஹெட்லைட் கிண்ணத்தின் உட்சுவரிலேயே பெயின்டால். ஒரு வயருக்கு ஒரு முடிச்சு, இன்னொன்றுக்கு இரண்டு முடிச்சு என்று அடையாளம் வைத்தவர்களும் இருந்தார்கள். நிறம் மங்கினாலும் முடிச்சு மங்காது.

வரலாறு படிப்பிக்கும்போது மூலாதாரம் என்றால் கல்வெட்டு, ஓலை, அரச ஆவணம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். மூடிய பொருளாதாரத்தைப் பற்றி அரச ஆவணத்தில் இருப்பது எதை இறக்குமதி செய்யக் கூடாது என்ற பட்டியல். இறக்குமதி இல்லாமல் மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கான ஆதாரம் இந்த ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இருக்கிறது.

*கதவு மறுபடியும் மூடியபோது*

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாம் என்ன செய்தோம்? கொட்டகையில் கிடந்ததை வெளியே எடுத்தோம். ஹொண்டா சுவிட்ச் உடைந்தால் இந்தியச் சுவிட்சைப் பூட்டினோம். பஜாஜின் சுவிட்ச் பெட்டி ஹொண்டாவில் ஏறியது. டிவிஎஸ்ஸின் ஃபிளாஷர் யமஹாவில் ஏறியது. 1980களில் பிஎஸ்ஏக்கு ஜப்பான் செய்த உபகாரத்தை, 2020களில் ஜப்பான் வண்டிக்கு இந்தியா செய்தது. முறை ஒன்றேதான்: நிறத்தை நம்பாதே, ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று பல்பு வைத்துப் பார், பிறகு முடி.

*இப்போது என்ன நடக்கிறது*

பழைய பைக்குகளுக்கு இன்று விலை ஏறிவிட்டது. வாங்குகிறவர்கள் ‘ஒரிஜினல்’ கேட்கிறார்கள். இங்கிலாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பழைய மாதிரியில் செய்த புதிய லூக்காஸ் போன்ற சுவிட்சுகள் வருகின்றன. அவற்றைப் பூட்டும்போது கழற்றிய ஹொண்டா சுவிட்சும், கையால் முறுக்கிய வயர் கட்டும், செம்புத் தகடும் பழைய இரும்புக்குப் போகின்றன. ‘யாரோ கண்டபடி செய்து வைத்திருக்கிறான்’ என்று ஒரு வசையும் கூடவே போகிறது.

சில வேலைகள் உண்மையில் கண்டபடி செய்தவைதான். டேப் சுற்றிய முடிச்சுகள், பியூஸ் இல்லாத பட்டரி, பெற்றோல் தாங்கிக்கு அடியில் உரசி உரிந்த வயர். இவை ஆபத்து, மாற்றத்தான் வேண்டும். பல பழைய பிரித்தானிய வண்டிகளில் தொடக்கத்திலேயே பியூஸ் இருக்கவில்லை என்பதால், பட்டரிக்குப் பக்கத்தில் 15 அம்பியர் பியூஸ் ஒன்று போடுவது ‘ஒரிஜினல்’ இல்லாவிட்டாலும் கட்டாயம் செய்ய வேண்டியது. 60 வோட் மட்டுமே தரும் டைனமோவில் 60 வோட் ஹெட்லைட் பல்பைப் போட்டுவிட்டு, பட்டரி இறங்குகிறது என்று பாஸைத் திட்டுவதும் நியாயமில்லை. 35 வோட் பல்பும் சுத்தமான எர்த்தும் அந்த வண்டிக்குப் போதும்.

ஆனால் ஆபத்தான முடிச்சையும் அறிவோடு செய்த மாற்றத்தையும் ஒரே பையில் போட்டு எறியக் கூடாது. தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலைக்கு ஒரு வண்டியைத் திருப்பினால், அது இங்கிலாந்தில் இருந்த ஒரு நாளைக் காட்டும். புசல்லாவையில் ஓடிய அறுபது வருடத்தை அழித்துவிடும். இங்கிலாந்தில் அதே மாடலில் பல நூறு வண்டிகள் அந்த நாளைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் அறுபது வருடத்தைக் காட்ட நம் வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆகவே பழைய பைக் வைத்திருக்கும் சகோதரர்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: எதையும் கழற்றுவதற்கு முன் ஹெட்லைட்டைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஹேண்டிலின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள்.

இரண்டு: இருக்கும் வயரிங்கை ஒரு தாளில் கீறுங்கள். எந்த நிறம் எங்கே போகிறது, எர்த் எந்த முனை, நிறுத்தும் பட்டன் சேர்க்கிறதா பிரிக்கிறதா. தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். அடுத்தவர் கைக்கு வண்டி போகும்போது அதுவும் போகட்டும்.

மூன்று: கழற்றிய சுவிட்சை எறியாமல் ஒரு டின்னில் போட்டு, எந்த வண்டி, எந்த வருடம் என்று எழுதி வையுங்கள்.

நான்கு: அதைப் பூட்டிய பாஸ் உயிரோடு இருந்தால் போய்ப் பேசுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். எந்த வருடம், சுவிட்ச் எங்கே வாங்கினார், எப்படி வயர் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். மௌத்தானவர்களிடம் கேட்க முடியாது.

விவசாயத்துக்கும் நெசவுக்கும் நூதனசாலை வைக்கிறோம். கராஜுக்கு வைக்கவில்லை. அது வரும்வரை ஒவ்வொருவரும் தங்கள் கொட்டகையில் காப்பாற்றி வைக்க வேண்டியதுதான். இது நம் கையில் இருக்கும் அமானிதம். நாம் செய்யாததும் நாம் வாங்காததும் என்றாலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கம்பளை முதல் நுவரெலியா வரை எங்காவது பழைய பைக் ஒன்று இருந்தால், அதன் ஹேண்டில் சுவிட்சைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். முழு வண்டியின் படம் வேண்டாம், அது எல்லோரும் போடுவது. சுவிட்சும் வயரும் போதும். எந்த நாட்டுச் சுவிட்ச், எந்தக் காலத்தில் பூட்டியது என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்போம், இன்ஷா அல்லாஹ்.